சாவி யாரிடம் இருக்கிறது?

பயணம் போய்வந்தவர்கள் எழுதும் கலைக்கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு ஏற்பட்டுவிட்டது. வழி தவறிப் போகும். மலைச் சரிவு, மாலை வெயில், கை காட்டும் ஆட்டிடையன் ஒருவன். ஓட்டுக் கூரை போட்ட சிறிய மாதா கோயில். உள்ளே இருட்டு. கண் பழகப் பழகச் சுவரெங்கும் பைஸாண்டிய ஓவியங்கள். கட்டுரையாளர் நெஞ்சு விம்மி, தற்செயலாகக் கண்டெடுத்தேன் என்று முடிப்பார். அந்தக் கோயில் பூட்டியிருந்ததா, சாவி யாரிடம் இருந்தது, அதைக் கொண்டுவந்து திறந்தவர் யார் என்பதெல்லாம் கட்டுரையில் இராது. இருந்தால் 'கண்டெடுத்தேன்' என்ற வார்த்தையை எழுத முடியாது.

ஸைப்ரஸ் தீவில் ட்ரூடோஸ் மலையின் வடக்கு அடிவாரத்தில், நிகிடாரி கிராமத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஆஸினூ மாதா கோயில். வெளியே இருந்து பார்த்தால் வைக்கோல் அடைக்கும் கொட்டகை என்றுதான் தோன்றும். செங்குத்தாக இறங்கும் அந்தக் கூரை மழைக்கும் பனிக்குமாகப் போட்டது. உள்ளே இருக்கும் ஓவியங்களின் காலத்தை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. நிகிஃபோரஸ் என்ற பிரபு செய்வித்தது என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது, ஆண்டும் எழுதியிருக்கிறது. நம் கணக்கில் அது 1105-06. முன்மண்டபத்தில் 1332-33இல் மறுபடி வரைந்திருக்கிறார்கள். 1960களில் அமெரிக்க நிபுணர்கள் வந்து புகையும் அழுக்கும் நீக்கினார்கள். 1985இல் யுனெஸ்கோ, பக்கத்து மலைக்கோயில்கள் எட்டோடு இதையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இத்தனை நூற்றாண்டும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறி வந்த கோயில் இது. இதில் கண்டெடுக்க என்ன இருந்தது? காணாமல் போயிருந்தவர் நம் கட்டுரையாளர்தான்.

இதை ஏதோ மரியாதைப் பிரச்னையாக நினைத்து நான் சண்டைக்கு வரவில்லை. கண்டெடுத்தவன் அடுத்தபடியாக விலை போட ஆரம்பிக்கிறான் என்பதுதான் தொல்லை. பொருளுக்குச் சொந்தக்காரன் இல்லை என்று முதலில் தீர்மானித்துக்கொண்டால், எந்தத் தராசில் வேண்டுமானாலும் நிறுக்கலாம். பைஸாண்டிய ஓவியத்தை இதுவரை மூன்று தராசுகளில் நிறுத்திருக்கிறார்கள். மூன்றாவது நம்முடையது.

முதல் தராசு வஸாரியுடையது. 1550இல் வெளியான தம் கலைஞர் சரித்திரத்தில், கிரேக்க பாணி என்பது விறைத்துப்போன, உயிரற்ற பாணி என்றும், அதிலிருந்து இத்தாலிய ஓவியத்தை மீட்டவர் ஜியாட்டோ என்றும் அவர் தீர்ப்பு எழுதினார். நானூறு ஆண்டு அந்தத் தீர்ப்பு செல்லுபடியாயிற்று. பிறகு ஸ்கோப்யே நகருக்கு மேலே நெரெஸி கிராமக் கோயிலில், பின்னால் பூசிய வர்ணங்களுக்கு அடியிலிருந்து 1164ஆம் ஆண்டு ஓவியங்கள் 1920களில் வெளிப்பட்டன. இறந்த மகனின் கன்னத்தோடு கன்னம் வைத்து அழும் தாய். நிபுணர்கள் திடுக்கிட்டுச் சொன்னது என்ன? ஜியாட்டோவுக்கு நூற்று நாற்பது ஆண்டு முன்னாலேயே ஜியாட்டோ! இதைப் பாராட்டு என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். தீர்ப்பு மாறவே இல்லை. குற்றவாளிக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நெரெஸியில் வரைந்தவன் பாதுவாவில் யாரோ வரப்போகிறான் என்று முன்னோட்டம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவன் எதிரே சுவர் இருந்தது, ஈரச் சுண்ணாம்பு காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டாவது தராசு டிட்ரான் என்ற பிரெஞ்சுக்காரருடையது. 1839இல் ஆதாஸ் மலை மடாலயங்களுக்குப் போனார். துறவி ஒருவர் மாதிரிப் படம் எதையும் பார்க்காமல், மனசிலிருந்தே மளமளவென்று சுவரில் வரைந்துகொண்டு போவதைக் கண்டு அசந்துபோனார். அப்புறம் ஓவியர் கையேடு ஒன்று இருப்பது தெரிந்தது. ஃபூர்னா ஊர் டையோனீஸியஸ் என்ற துறவி 1730களில் தொகுத்தது: எந்தத் தீர்க்கதரிசிக்கு என்ன தாடி, எந்தக் காட்சியில் யார் எங்கே நிற்பது, சுண்ணாம்பு எப்படிக் குழைப்பது. டிட்ரானின் வியப்பு அங்கேயே வற்றிவிட்டது. ஓஹோ, கிரேக்க ஓவியன் மதவாதியின் அடிமை, நடமாடும் யந்திரம் என்று முடிவு கட்டினார். 1845இல் கையேட்டை அச்சிட்டும் விட்டார்.

இலக்கணப் புத்தகத்தைக் கண்டெடுத்தவன் இனிமேல் கவிதை என்று ஒன்று இல்லை என்று அறிவிப்பது போன்றது இது. விதி இருந்தது உண்மை. முகத்துக்கு அடியில் பச்சை மண் நிறம், அதன் மேல் காவி, கன்னத்தில் சிவப்பு, கடைசியில் வெண்கீற்று. இந்த வரிசை மாறாது. மாறாததால் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டாமா? லகுதெரா கிராமத்தின் அராகா மாதா கோயிலுக்குப் போங்கள். அதன் ஓவியங்கள் முடிந்தது 1192 டிசம்பர் என்று அங்கேயும் எழுதியிருக்கிறது. இருபது மாதத்துக்குள் அந்தத் தீவு மூன்று கை மாறியிருந்தது. 1191இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பிடித்தான். டெம்ப்ளர் வீரத்துறவிகளுக்கு விற்றான். அவர்கள் ஆள முடியாமல் விட, 1192இல் பிரெஞ்சு லூஸிஞன் வம்சம் வந்து உட்கார்ந்தது. பைஸாண்டியம் அந்தத் தீவுக்குத் திரும்பவே இல்லை. அந்த ஆண்டில், அந்தக் கோயிலில், குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கும் தாயின் இருபுறமும் தேவதூதர்கள் வருகிறார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து சாகப்போகும் சிலுவைப்பாட்டின் கருவிகள் அவர்கள் கையில். குழந்தை அவள் கையில் சாய்ந்து கிடக்கிறது. உடையின் மடிப்புகள் காற்றில்லாமலே சுழல்கின்றன. இதில் எந்த வரி கையேட்டிலிருந்து வந்தது, எது அந்த ஆண்டிலிருந்து வந்தது என்று டிட்ரான் பிரித்துக் காட்டட்டும்.

மூன்றாவது தராசுக்கு வருகிறேன். நமக்கு வஸாரியின் ஏணி வேண்டாம். டிட்ரானின் யந்திரமும் வேண்டாம். நாம் நவீனர்கள். விறைப்பை ரசிக்கத் தெரிந்தவர்கள். தட்டையான தளம், தங்கப் பின்னணி, கோட்டின் இறுக்கம் எல்லாம் பிடிக்கும். 'விஷயத்தை விடு, வடிவத்தைப் பார்' என்று இருபது வருஷமாக ஒருவருக்கொருவர் சொல்லிப் பழகியிருக்கிறோம். கவிதை விஷயத்தில் இது பல போலிகளை விரட்ட உதவியது, நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பார்வையை அதன் தர்க்க முடிவுவரை கொண்டுபோனால் எங்கே நிற்கும்?

லிஸியில் நிற்கும். 1974 படையெடுப்புக்குப் பிறகு ஸைப்ரஸின் வடபகுதி துருக்கியப் படையின் கையில். அங்கே லிஸி ஊருக்கு வெளியே புனித யூஃபெமியானோஸ் பெயரில் ஒரு சிறு கோயில். பதின்மூன்றாம் நூற்றாண்டு ஓவியங்கள். குவிமாடத்தில் கிறிஸ்து, பீடத்தின் மேல் மாதா. திருடர்கள் வந்து முப்பத்தெட்டுத் துண்டுகளாக அறுத்து எடுத்துப் போனார்கள். 1983இல் மூனிச் நகரில் அவை விலைக்கு வந்தபோது டொமினிக் த மெனில் என்ற அமெரிக்கக் கலைப் புரவலர், ஸைப்ரஸ் திருச்சபைக்குத் தெரிவித்து, அதன் சம்மதத்தோடு பணம் கொடுத்து மீட்டார். செப்பனிட்டு, ஹூஸ்டனில் அதற்கென்றே ஒரு கட்டடம் எழுப்பி 1997இல் வைத்தார்கள். 2012இல் ஸைப்ரஸுக்குத் திருப்பி அனுப்பினார்கள். எல்லாம் கண்ணியமாகவே நடந்தது. ஆனால் ஓவியம் போய்ச் சேர்ந்தது நிகோஸியா மியூஸியத்துக்கு. லிஸியின் குவிமாடம் இன்னும் மொட்டையாக இருக்கிறது.

திருடர்களின் ரசனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எது நல்ல ஓவியம் என்று அவர்களுக்குச் சரியாகவே தெரிந்திருந்தது. சுவரை விட்டார்கள், வடிவத்தை எடுத்தார்கள். நாம் பார்வையால் செய்வதை அவர்கள் வாளால் செய்தார்கள்.

உடனே எதிர்வாதம் வரும்: அப்படியானால் விசுவாசிக்கு மட்டும்தான் இந்த ஓவியம் திறக்குமா? முழங்காலிட்டால்தான் விமர்சனமா? நான் முழங்காலிடுகிறவன் அல்ல. நான் சொல்வது இன்னும் ஸ்தூலமான விஷயம். ஸைப்ரஸின் கிராமக் கோயில்களில் இறுதித் தீர்ப்புக் காட்சிகளைப் பாருங்கள். நரகத்தில் யார் யார்? கழுத்தில் எந்திரக் கல் தொங்கும் ஒருவன் – மாவில் ஏமாற்றிய மில்காரன். இன்னொருவன் பக்கத்து நிலத்து வரப்பைத் தாண்டி உழுதவன். தராசில் மோசம் செய்தவன் ஒருவன். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவருக்கு அடியில் உண்மையான மில்காரன் நின்றான். ஊர் அவனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தது. ஓவியத்தில் அந்த உருவம் ஏன் அத்தனை தெளிவாக, ஏன் கண் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு இது காரணம். வடிவத்தின் காரணமே சுவருக்கு வெளியே, தரையில் நின்றுகொண்டிருந்தது. அவனை விட்டுவிட்டு வடிவத்தை மட்டும் விளக்கப் புறப்படுகிற விமர்சனம் எதை விளக்கும்?

மரபுக் காவலர்களும் இதைப் படித்துக் கை தட்ட வேண்டாம். பார்த்தீர்களா, விதிக்குக் கட்டுப்பட்டால் கலை செழிக்கும் என்று நவீன கவிஞன் தலையில் குட்ட ஓடிவருவார்கள். ஆஸினூவில் நாற்பது வேதசாட்சிகள் இருக்கிறார்கள். செபஸ்தே ஏரிப் பனியில் ஆடையின்றி நிற்கவைத்துக் கொல்லப்பட்ட போர்வீரர்கள். நாற்பது பேரும் ஒரே தண்டனை, ஒரே முடிவு. கையேட்டுக்கு நாற்பது தலை போதும். வரைந்தவனுக்குப் போதவில்லை. குளிர் ஒவ்வோர் உடம்பையும் தனித்தனியாகப் பிடிக்கிறது. விதி அவனுக்கு ஏரியைக் கொடுத்தது. நடுக்கத்தை அவன்தான் கொண்டுவந்தான். காவலர்கள் கையில் இருப்பது ஏரி மட்டுமே.

நான் ஆஸினூ போன அன்று கதவு பூட்டியிருந்தது. பாதிரியார் நிகிடாரியிலிருந்து வர வேண்டும் என்றார்கள். ஒரு மணி நேரம் பைன் மரத்தடியில் உட்கார்ந்து எரிச்சல்பட்டேன். அவர் வந்தார், திறந்தார், முதலில் தம் வேலையைப் பார்த்தார்: விளக்குத் திரி, ஒரு முத்தம், ஏதோ முணுமுணுப்பு. எனக்காக ஒன்றும் விளக்கவில்லை. ஊருக்குத் திரும்பி நானும் ஒரு கட்டுரை எழுதினேன். அதில் 'கண்டெடுத்தேன்' என்ற வார்த்தை இரண்டு இடத்தில் வருகிறது. பாதிரியார் ஓரிடத்திலும் வரவில்லை. அந்தக் கட்டுரையை இங்கே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.