"நியூஸ் ரீல் முடிஞ்சிடுச்சா?"

போன மாதம் மயிலாப்பூரில் ஒரு சிறிய அரங்கில் ஜிகா வெர்தோவின் 'மேன் வித் எ மூவி கேமரா' (1929) திரையிட்டார்கள். சோவியத் நகரங்களின் அன்றாட வாழ்க்கையைச் சொல்லும் மௌனப்படம். தூங்கி எழும் தெருக்கள், டிராம், ஆலை, திருமணப் பதிவு, விவாகரத்து, பிரசவம் என்று ஒரு நாள் ஓடி முடிகிறது. பிறகு கலந்துரையாடல். மூத்தவர் ஒருவர் எழுந்து, "எல்லாம் பிரச்சாரம். பசியை எங்கே காட்டினார்கள்?" என்றார். அரங்கமே தலையாட்டியது.

கேள்வி நியாயமானது. அந்தப் படத்தைத் தயாரித்தது உக்ரைனின் அரசு நிறுவனம். கீவிலும் ஒடேசாவிலும் எடுத்த காட்சிகள் அதில் உண்டு. அடுத்த சில ஆண்டுகளில், 1932-33 பஞ்சத்தில், அதே உக்ரைனில் பல லட்சம் பேர் செத்தார்கள். பஞ்சமே இல்லை என்று சோவியத் அரசு சாதித்தது. இடதுசாரிச் சாய்வுள்ள நம்மில் பலர் இதைப் பேசத் தயங்குகிறோம். தயங்க வேண்டியதில்லை.

ஆனால் 'எதைக் காட்டவில்லை?' என்ற அந்தக் கேள்வியை நம் ஊர் தியேட்டரிலும் கேட்போமா?

என் அப்பா லஸ்ஸில் இருந்த காமதேனு தியேட்டரில் படம் பார்த்து வளர்ந்தவர். படத்துக்கு முன்னால் அரசின் செய்திப்படம் ஓடும். அப்பாவும் கூட்டாளிகளும் அதுவரை வெளியே டீ குடித்துக்கொண்டு நிற்பார்களாம். ஒருத்தர் மட்டும் உள்ளே எட்டிப் பார்ப்பார். மற்றவர்கள், "நியூஸ் ரீல் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்பார்கள்.

அந்த நியூஸ் ரீலுக்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், அரசு தரும் படங்களைத் தியேட்டர்கள் கட்டாயம் ஓட்ட வேண்டும் என்று ஆணையிட்டது பிரிட்டிஷ் அரசு. வெள்ளைக்காரன் போனான், ஏற்பாடு போகவில்லை. 1948இல் பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கியது. அதன் படங்களை ஓட்டுவது தியேட்டர் உரிமத்தின் நிபந்தனை ஆனது. தியேட்டர்காரரே அதற்கு வாடகையும் கட்ட வேண்டும். பல பத்தாண்டுகள் இப்படித்தான் நடந்தது. இது ஜனநாயக நாட்டில் நடந்ததால் நாம் இதைப் பிரச்சாரம் என்று சொல்வதில்லை, 'கல்விப் படம்' என்கிறோம்.

ஆய்வுக்காக நான் பார்த்த அந்தப் படங்களில் அணை உண்டு, உரம் உண்டு, குடும்பக் கட்டுப்பாடு உண்டு. கிராமம் உண்டு, சேரி இல்லை. விவசாயி உண்டு, நிலம் யாருடையது, அவர் எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம் என்ற பேச்சு இல்லை. தீண்டாமை பற்றிப் பேசும்போதும் அது ஏதோ பழைய கெட்ட பழக்கம்போல வருகிறது. அதனால் யாருக்கு லாபம் என்று யாரும் கேட்பதில்லை. சோவியத் படம் பசியை மறைத்தது என்றால் இந்தியப் படம் சாதியை மறைத்தது.

மறைத்தது அரசு மட்டுமா? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றார்கள். அந்தக் கொடுமையைப் பற்றிய பாரதி கிருஷ்ணகுமாரின் ஆவணப்படம் 'ராமையாவின் குடிசை' வந்தது 2005இல். அந்த மக்களோடு களத்தில் நின்றது செங்கொடி. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனாலும் நெடுங்காலம் அதை முதன்மையாகக் கூலிப் போராட்டமாகவே கட்சி பேசியது. எரிந்தவர்கள் தலித்துகள் என்பது கதையின் ஓரத்துக்குப் போனது.

பெரியார் சோவியத் நாட்டில் சுற்றுப்பயணம் செய்த அதே 1932இல், அலெக்சாந்தர் மெத்வேத்கின் என்ற இயக்குநர் அங்கே ஒரு ரயிலில் சினிமா எடுத்துக்கொண்டிருந்தார். படம் கழுவும் கூடமும் எடிட்டிங் அறையும் ரயில் பெட்டிக்குள்ளேயே இருந்தன. ஆலையிலும் பண்ணையிலும் இறங்கிக் குறைகளைப் படமெடுத்து, அங்கேயே கழுவி, அந்தத் தொழிலாளர்களுக்கே போட்டுக்காட்டி விவாதிக்க வைத்தார்கள். தங்களையே திரையில் பார்த்தவர்கள் எழுந்து பேசினார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் எந்தக் குறையைப் பேசலாம் என்று முடிவு செய்தது ரயிலில் வந்தவர்கள். ரயில் போனதும் கேமராவும் போய்விட்டது.

ஆகவே, ஏழை திரையில் தெரிகிறாரா என்பது மட்டும் போதாது. எதைக் காட்டுவது என்று முடிவு செய்வது யார்? காட்டப்பட்டவர் பதில் பேச இடம் உண்டா? இந்த இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விகளுக்கு அருகில் வந்த படங்கள் உண்டு. ஆர்.பி. அமுதனின் 'பீ' (2003) மதுரைத் தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் அன்றாடத்தைக் காட்டியது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) தூய்மைப் பணியாளர்களைப் பேசவிட்டது. சாதியைப் பெயர் சொல்லிப் பேசியது. மலம் அள்ளவைப்பதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்த பிறகும் சாவு நிற்கவில்லை என்று காட்டியது. பரிசாகக் கிடைத்தது என்ன? பல ஊர்களில் திரையிடக் காவல்துறை அனுமதி மறுத்தது. இயக்குநர் மீது வழக்குகள் பாய்ந்தன. பசியைக் காட்டாத சோவியத் அரசைக் கண்டிக்கும் நண்பர்களே, இது எந்த நாட்டுத் தணிக்கை?

மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் உலக சினிமா திரையிடும் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். வெர்தோவைத் தாராளமாகப் போடுங்கள். அடுத்த வாரம் ஒரு பிலிம்ஸ் டிவிஷன் படம், அதற்கடுத்த வாரம் 'கக்கூஸ்' போடுங்கள். அன்றைக்கு உங்கள் தெருவைக் கூட்டும் பணியாளர்களை அழைத்து முன்வரிசையில் உட்காரவையுங்கள். படம் முடிந்ததும் மைக்கை முதலில் அவர்களிடம் கொடுங்கள். "எதைக் காட்டவில்லை?" என்ற கேள்விக்கு நம்மைவிட அவர்களுக்கு நன்றாகப் பதில் தெரியும்.