நிரம்பிய நோட்டு எதற்கும் சாட்சி அல்ல

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இந்த ஜூனில் பிள்ளையைப் பள்ளி மாற்றியது. இரண்டாம் வகுப்புக்குப் போகிற பெண் குழந்தை. பழைய பள்ளியில் என்ன குறை என்று கேட்டேன். "எழுதவே வைக்கிறதில்லண்ணே. ஒரு வருசம் முழுக்கப் போயிட்டு வந்திருக்கா, நோட்டு பாதிகூட நெறயல. வீட்டுப்பாடம்னு ஒண்ணும் கெடயாது. வந்ததும் பையைப் போட்டுட்டு வெளையாடப் போயிடுறா" என்றார் அந்தத் தாய். அந்தக் குழந்தை தடுமாறாமல் படிக்கும். கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லும், முடிவை மாற்றியும் சொல்லும். கடைக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்கி வரும். இவ்வளவையும் கொடுத்த பள்ளியை நோட்டு காலியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக விட்டுவிட்டார்கள். புதுப் பள்ளியில் தினமும் எல்லாப் பாடத்துக்கும் வீட்டுப்பாடம் உண்டு என்று சொல்லும்போது அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நிறைய எழுத வைக்கிற பள்ளிதான் நல்ல பள்ளி என்கிற இந்த நம்பிக்கை படித்தவர், படிக்காதவர், அரசு ஊழியர், ஆட்டோ ஓட்டுநர் என்று யாரையும் விடவில்லை. பள்ளி திறந்த இரண்டாவது வாரமே பையைத் திறந்து பக்கங்களைப் புரட்டுகிறார்கள். வகுப்பில் என்ன பேசினாய், எதைப் பார்த்தாய் என்று குழந்தையைக் கேட்பவர் குறைவு. பள்ளி நடத்துகிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். நோட்டு காலியாக இருந்தால் அடுத்த வருடம் அட்மிஷன் குறையும். ஆகவே ஆசிரியை கரும்பலகையில் எழுதிப் போடுகிறார், நாற்பது குழந்தைகள் பார்த்து எழுதுகின்றன, மணி அடிக்கிறது. ஒரு பாடவேளை போய்விட்டது. யாருக்கும் எதுவும் கற்றுத்தரப்படவில்லை. ஆனால் பெற்றோருக்குக் காட்ட ஒரு பக்கம் கிடைத்துவிட்டது.

அதே தெருவில் இன்னொரு பையன் இருக்கிறான், மூன்றாம் வகுப்பு. அவன் நோட்டு அச்சடித்ததுபோல இருக்கும். கோணாத எழுத்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் 'குட்', கூடவே ஒரு நட்சத்திரம். பெற்றோர் கூட்டத்தில் மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டப்பட்ட நோட்டு அது. ஒருநாள் அவனோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்க நேர்ந்தது. வந்து நின்ற பேருந்தின் பலகையில் 'சத்திரம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. திருச்சியில் வளர்கிற பிள்ளை நாள்தோறும் பார்க்கிற பலகை. படிடா என்றேன். 'ச' என்றான், அதற்கு மேல் வரவில்லை. எதிரே இருந்த மருந்துக் கடையின் ஆங்கிலப் பலகையைக் காட்டினேன். அதுவும் வரவில்லை. மாமரத்தைப் பற்றிப் பத்து வரி அவன் நோட்டில் இருக்கிறது. நோட்டை மூடிவிட்டாலும் ஒப்பிக்கிறான். நடுவில் ஒரு வரியைத் தொட்டு இது என்ன என்று கேட்டால், முதல் வரியிலிருந்து ஆரம்பித்து அங்கே வந்து சேரப் பார்க்கிறான். அவன் அறிவில்லாத பிள்ளை இல்லை. பக்கம் நிரப்ப மட்டுமே பழக்கப்பட்ட பிள்ளை.

பார்த்து எழுதுவதற்குப் படிக்கத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. நமக்குத் தெரியாத எந்த மொழியின் எழுத்தையும் முன்னால் வைத்தால் நாமும் வரைந்துவிடுவோம். கண் ஒரு வடிவத்தைப் பார்க்கிறது, கை அதை வரைகிறது. பொருள் நடுவில் எங்கும் நுழைவதில்லை. மூன்று வருடம் இப்படி வரைந்துகொண்டே இருக்கலாம், சத்திரம் பேருந்தைப் படிக்கத் தெரியாமலே. இதை ஆசிரியர்களில் பாதிப்பேர் அறிவார்கள். ஊதியம் கொடுப்பவர் நோட்டைக் கேட்கும்போது அவர்களால் என்ன செய்ய முடியும்?

எல்.கே.ஜி.யில் நடப்பது இதைவிடக் கொடுமை. மூன்றரை வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து நாலு கோட்டு நோட்டில் எழுத வைக்கிறார்கள். சில இடங்களில் கர்சிவ் எழுத்து வேறு. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. குழந்தை பிறக்கும்போது அவை எலும்பாகவே இருப்பதில்லை, குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக வருடக்கணக்கில் இறுகி, கடைசி எலும்பு உருவாகத் தொடங்கவே ஒன்பது, பத்து வயது ஆகிவிடும். அந்தக் கைக்கு வேண்டியது மண், களிமண், மாவு உருண்டை, கத்தரிக்கோல், சுவரில் கிறுக்க ஒரு சாக்குக்கட்டி. விரல் வலிக்கிறது என்று பிள்ளை அழுதால் எழுத்து வராமல் அடம் பிடிக்கிறது என்கிறார்கள். கோட்டைத் தாண்டிவிட்டது என்று அழித்து அழித்துத் தாள் கிழிந்த நோட்டைப் பார்த்திருக்கிறேன். நான்கு வயதுக் குழந்தைக்குப் பள்ளி என்றாலே பயம் என்று ஆக்கிய பிறகு, அதன் மேல் எந்தக் கல்வியைக் கட்டுவீர்கள்?

இதை என் சொந்த அபிப்பிராயம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் மாநிலங்களுக்கு அதையே அறிவுறுத்தியது. இந்த இரண்டு வகுப்புகளுக்கும் புத்தகப் பையின் எடை ஒன்றரை கிலோவைத் தாண்டக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள், 800 மணி நேரம் கற்பித்தல் என்று வகுத்திருக்கிறது. வகுத்துப் பாருங்கள், நாளுக்கு நாலு மணி நேரம். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சட்டம் கட்டாயமாகக் கேட்பது அவ்வளவுதான். பள்ளியில் ஏழு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, இரவு சாப்பாட்டுக்கு முன் இன்னும் இரண்டு மணி நேரம் எதற்கு? அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் வீட்டுப்பாடம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உயர் வகுப்புகளில் தெரிந்த பலன் தொடக்க வகுப்புகளில் அந்த அளவுக்குத் தெரியவில்லை. ஆனால் நம் ஊரில் நீதிமன்றம் சொன்னாலும் ஆய்வு சொன்னாலும் ஒன்றுதான். உத்தரவைக் காட்டி வீட்டுப்பாடத்தை நிறுத்திய பள்ளியை விட்டு, நிறுத்தாத பள்ளிக்குப் போகிறார்கள். உத்தரவைத் தோற்கடிப்பது பள்ளிகள் மட்டுமல்ல, பெற்றோரும்தான்.

நல்லது நம் கண் முன்னாலேயே நடந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தின் ரிஷி வேலியில் உருவான முறையைப் பார்த்து நம் ஆசிரியர்களே இங்கே அதற்கான அட்டைகளைத் தயாரித்தார்கள். சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது போனது. பெஞ்சை எடுத்துவிட்டுப் பாய் விரித்தார்கள். குழந்தைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கட்டம். கற்றல் ஏணியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்துத் தனக்குரிய அட்டையைத் தானே எடுத்து வரும். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து வந்த பிள்ளை விட்ட இடத்திலிருந்து தொடரும். வகுப்பு அதை விட்டுவிட்டு ஓடிப்போயிருக்காது. அதற்குப் பெற்றோர் என்ன சொன்னார்கள்? "தரையில உக்கார வச்சு வெளையாட விடுறாங்க." அந்த முறையில் குறைகள் இருந்தன, ஆசிரியர் பற்றாக்குறை பெரிய குறை. ஆனால் அதற்காகவா ஒதுக்கினார்கள்? நோட்டு இல்லை என்பதற்காக ஒதுக்கினார்கள். சத்திரம் பலகையைப் படிக்கக் கற்றுத்தந்த பள்ளியை விட்டுவிட்டு, மாமரம் பத்து வரி எழுத வைக்கிற பள்ளிக்கு வேனில் ஏற்றி அனுப்பினார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு அறிவித்தபோது தமிழ்நாடே எதிர்த்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று கேட்டோம். நியாயமான கேள்வி. 2020 பிப்ரவரியில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் அப்போது கொதித்த அதே வீடுகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாராவாரம் டெஸ்ட்; அதில் இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு வாங்கினால் மீதி மூன்று எங்கே என்று விசாரணை. அரசு நடத்தினால் கொடுமை, நாம் பணம் கட்டி நடத்தச் சொன்னால் தரமா? பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த எழுத்து வேலை யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அம்மாக்கள் தலையில். வேலைக்குப் போய்விட்டு வந்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, வாட்ஸாப் குழுவில் இன்றைக்கு என்ன வீட்டுப்பாடம் என்று தேடி, தூங்கி விழுகிற பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைத்து, அது நடக்காதபோது தாமே எழுதிக்கொடுத்து முடிக்கிறார்கள். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட மட்டும் அப்பா வருகிறார். புராஜெக்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தெர்மகோலில் சூரியக் குடும்பம் செய்ய வேண்டுமாம். ஸ்டேஷனரிக் கடையில் செய்தே விற்கிறார்கள். வாங்கிக் கொடுத்தால் முழு மதிப்பெண். பிள்ளை தன் கையால் கோணலாகச் செய்துகொண்டு போனால் குறைத்துப் போடுகிறார்கள். உழைத்த பிள்ளையை அவமானப்படுத்தி, காசு கொடுத்ததைப் பாராட்டுகிற இந்தப் பாடத்தை எந்தப் பாடத்திட்டமும் கேட்கவில்லை.

டியூஷன் இன்னொரு புண். ஒன்றாம் வகுப்புக்கு டியூஷன். பல இடங்களில் பள்ளியில் பாடம் எடுக்கும் ஆசிரியரே மாலையில் அதே பிள்ளைகளுக்குத் தனியாக எடுக்கிறார். கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி நடத்துவதைத் தடை செய்திருக்கிறது. எந்தப் பெற்றோரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. டியூஷனில் சேராவிட்டால் பிள்ளையைக் கவனிக்க மாட்டாரோ என்ற பயம். அதோடு, வீட்டில் தமிழ் பேசாதீர்கள் என்று டைரியில் எழுதி அனுப்புகிற பள்ளிகள் இருக்கின்றன. பாட்டியோடு தமிழில் பேசித்தான் ஒரு குழந்தை நேற்று, நாளை, ஏன், அதனால் என்பவற்றையெல்லாம் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பேச்சை நிறுத்தினால் ஆங்கிலம் வராது, தமிழும் போகும். சத்திரம் பையனுக்கு நடந்தது அதுதான். அவன் வீட்டில் அரைகுறை ஆங்கிலத்தில் கேள்வி, ஒற்றைச் சொல்லில் பதில். கதை என்று ஒன்றை அவன் முழுதாகக் கேட்டதே இல்லை. கதை கேட்காத பிள்ளைக்குப் படிக்க வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வரும்?

குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் பால மந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகா இதைத்தான் ஊர் ஊராகச் சொன்னார். அவருடைய 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. அதில் வருகிற ஆசிரியர் நான்காம் வகுப்பில் முதல் நாட்களிலேயே கையில் எடுப்பது கதையைத்தான். வகுப்பே அவர் பக்கம் திரும்பிவிடுகிறது. நூறு ஆண்டு கழித்தும் நாம் இன்னும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதல் மூன்று வகுப்புகளில் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது மிகக் கொஞ்சம்தான், ஆனால் அது கண்டிப்பாகத் தெரிய வேண்டும். பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு பத்தியைப் படித்து, அதில் என்ன இருக்கிறது என்று தன் வார்த்தையில் சொல்கிறதா? பதினேழு கோலியில் ஒன்பதைக் கொடுத்துவிட்டால் எத்தனை மிச்சம் என்று யோசித்துச் சொல்கிறதா? தெரியாததைத் தெரியவில்லை என்று ஆசிரியரிடம் பயமில்லாமல் கேட்கிறதா? 2022இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இவற்றைத்தான் குறி வைத்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை நிற்கும் நிலையைப் பார்த்துப் பாடம் நடத்தச் சொன்னது. அரசுப் பள்ளிப் பெற்றோர் என் பிள்ளை அரும்பா மொட்டா என்று ஆசிரியரிடம் கேட்கலாம். கேட்க உரிமை உண்டு. வருடத்துக்கு அறுபதாயிரம் கட்டுகிறவர் கேட்பது என்ன? இன்னும் நாலு பக்கம் கூடுதலாக எழுத வையுங்கள் என்று.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது நோட்டை மூடி வைத்துவிடுங்கள். வகுப்பில் இருக்கிற ஏதாவது ஒரு கதைப் புத்தகத்தை எடுத்துப் பிள்ளையை ஆசிரியர் முன்னால் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் பிள்ளையைத் திட்டாதீர்கள். இதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஆசிரியரைக் கேளுங்கள். மதியத்துக்குப் பிறகு விளையாட விடுகிறீர்களா, குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டால் கொடுக்கிறீர்களா என்று கேளுங்கள். சிறுநீரை அடக்கிக்கொண்டு கணக்குப் போட எந்தப் பிள்ளையாலும் முடியாது. பள்ளியில் கதைப் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். கண்ணாடி அலமாரியைக் காட்டுவார்கள். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். தலைமை ஆசிரியர் மேசை டிராயருக்குள் என்று பதில் வந்தால், அந்த அலமாரியைத் திறந்து வைக்கிற வரைக்கும் விடாதீர்கள்.