வேதாளையில் பறிபோன மரக்கலங்கள்



சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர் குளித்துவிட்டு மிளகும் கிராம்பும் வாங்கிப் போகிறார். அந்த மிளகுக்குப் பின்னால் ஒரு கடற்போர் உண்டு என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. தென்காசிக் கடைவீதியில் அதை நிறுத்து விற்கும் உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியப் பறங்கியர் கடலை மறித்துக்கொண்டு 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டை விற்றார்கள். சீட்டில்லாத மரக்கலம் பறிமுதல்! சீட்டு வாங்கியவனும் மிளகு ஏற்றக் கூடாது. யாருடைய கடலில் யார் சீட்டுக் கொடுப்பது? வணிகர்கள் மிளகைப் பொதிமாட்டில் ஏற்றி, ஆரியங்காவுக் கணவாய் கடந்து, நமது இந்தச் சீமை வழியாகவே காயல் துறைக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

கொச்சி மரைக்காயர்கள் ஆரம்பத்தில் பறங்கியருக்கே மிளகு கொடுத்து வந்தவர்கள்தாம். கழுத்து நெரிபட்ட பிறகே ஆயுதம் எடுத்தார்கள். 1538-இல் பட்டு மரைக்காயர், குஞ்ஞாலி மரைக்காயர், அலீ இப்ராஹீம் ஆகியோர் 40-க்கு மேற்பட்ட மரக்கலங்களுடன் கீழைக்கடலுக்கு வந்தனர். மண்டபத்தை அடுத்த வேதாளையில் கரையிறங்கித் தங்கியிருந்த வேளையில், மார்ட்டின் அபோன்சோ டி சூசாவின் படை பாய்ந்தது. மரக்கலங்கள் பறிபோயின. ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் தமது 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் இந்தத் தோல்வியை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.

தோற்ற இன்னொரு கரையையும் பாருங்கள். 1864 செப்டம்பரில் பிரிட்டன், பிரான்ஸ், ஹாலந்து, அமெரிக்கா நான்கும் 17 கப்பல்களோடு ஜப்பானின் ஷிமோனோசெகி நீரிணையில் சோஷு நாட்டாரின் பீரங்கி மேடைகளைத் தகர்த்தன. அடித்ததுமல்லாமல் 30 லட்சம் டாலர் தண்டமும் விதித்தன! அந்தச் சோஷு நாட்டு இளைஞர் இட்டோ ஹிரோபூமி அதற்கு முந்தைய ஆண்டே ரகசியமாக லண்டன் சென்று படித்தவர். போரைத் தடுக்க ஓடி வந்தும் முடியவில்லை. 1868-இல் பழைய ஆட்சியைக் கவிழ்த்ததில் சோஷுவினர் முன்னணியில் நின்றார்கள். 1885-இல் அந்த இட்டோதான் ஜப்பானின் முதல் பிரதமர். (பிறகு அதே ஜப்பான் கொரியாவை விழுங்கியதே, அதை நாம் மெச்சவில்லை.)

நம் பக்கம் நடந்தது என்ன? 1600-இல் நான்காம் குஞ்ஞாலியின் கோட்டையைச் சாமூதிரியும் பறங்கியரும் கூட்டாக முற்றுகையிட்டனர். சாமூதிரியிடம் சரணடைந்தவரைப் பறங்கியர் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 2021-இல் மலையாள சினிமா வந்த பிறகே நம் இளைஞர் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டார்கள். இது யார் குற்றம்?

வணிகப் பெருமக்களே! உங்கள் வீட்டுப் பரணில் பாட்டனார் எழுதிய கணக்கேடுகள் கிடக்கலாம். பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். படிக்கத் தெரிந்த இளைஞன் ஒருவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.