உடற்கல்வி யாருக்கு?

ஆயர் தாவார் என்னும் மலாய்ப் பெயருக்கு உப்புக் கரிக்காத நன்னீர் என்பது பொருள். அப்பெயர் பூண்ட நம் ஊரிலே இன்று வீட்டுக்கு வீடு 'இனிப்பு நீர்' வியாதியைப் பற்றிய பேச்சே பேச்சாயிருக்கிறது. தேநீர்க் கடையிலே நால்வர் கூடினால், ஒருவர் தாம் விழுங்கும் மாத்திரைகளை எண்ணிச் சொல்லுகிறார். மற்றொருவர் கால் விரலை இழந்த மைத்துனருக்காக இரங்குகிறார். பிறிதொருவர் வாரம் மும்முறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் தமக்கையாரை அழைத்துவர நேரமாயிற்றென்று எழுந்து போகிறார். பேசி முடிந்ததும் பால் டின் கரைத்த தேநீர் இன்னொரு கோப்பை வருகிறது. இதனை விதி என்கிறார்கள். விதியன்று, கல்விக் குறை என்பது நமது துணிபு.

2023-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, இந்நாட்டுப் பெரியோரில் ஏறக்குறைய ஆறு பேருக்கு ஒருவர் நீரிழிவுடையார் என்றும், பாதிக்கு மேற்பட்டோர் அளவுக்கு மிஞ்சிய எடையுடையார் என்றும் கூறுகின்றது. மூன்று பெரிய இனங்களிலும் நம்மவரிடையேதான் நீரிழிவு மிகுந்து நிற்கிறதென்பதை இத்தகைய ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. மேலும், பிறர்க்குத் தீங்கு செய்யாத எடையிலேயே நம்மவர்க்கு வயிற்றிலே கொழுப்புத் தங்கி நோய் தொடங்கிவிடுகிறதென்று மருத்துவர் கூறுவர். ஆகவே, 'என் பிள்ளை மெலிந்தவன்தானே' என்று எந்தத் தாயும் நிம்மதி கொள்வதற்கில்லை.

நம் பாட்டன்மார் தேகப் பயிற்சி செய்தார்களா என்று கேட்போர் உளர். செய்யவில்லை, செய்ய வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இருக்கவில்லை. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாய்ப் பால்மரம் சீவி, காண்டாவில் வாளிகளைத் தொங்கவிட்டு மேடும் பள்ளமும் சுமந்து வந்தவர்க்கு வேறு பயிற்சி எதற்கு? அவ்வாழ்க்கையைப் பொற்காலமென்று புகழ யாம் வரவில்லை. அரை வயிற்றுக் கஞ்சியும் குளிர்காய்ச்சலும் இடுப்பொடியும் உழைப்பும் அவர்களைப் பாதி வயதிலேயே முதியவராக்கின. எனினும் அவர்கள் உடல் அசைந்தது. பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாயின. பேரன் லாரி ஓட்டுகிறான். காவற்கூண்டிலே பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். ஆலையிலே ஓரிடத்தில் நின்றபடி பொத்தானை அழுத்துகிறான். உழைப்பு நின்றது, தட்டிலே சோறு மட்டும் பாட்டன் காலத்து அளவிலே நிற்கிறது.

இவ்வேற்றுமை சிறிதன்று. 1953-ஆம் ஆண்டில் ஜெரமி மாரிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இலண்டன் மாநகரத்து இரண்டடுக்குப் பேருந்துகளை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டார். ஒரே வண்டியிலே வேலை செய்யும் இருவரில், நாள் முழுதும் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு இதய நோய் மிகுதியாயும், படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுப்பவருக்குக் குறைவாயும் இருக்கக் கண்டார். பாட்டன் சீட்டுக் கொடுத்தவர். பேரன் வண்டி ஓட்டுபவன். நம் கதை இவ்வளவே.

நிற்க. உழைப்பு கொடுத்த அசைவை இனி அறிவுதான் கொடுக்க வேண்டும். அவ்வறிவை எங்கே பெறுவது? பள்ளியிலேதான். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேராவது உள்ள தோட்டத்திலே பள்ளி வைக்கும் கடமையை முதலாளி மீது சுமத்திற்று. அந்நாளில் எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தால் போதுமென்றிருந்தனர். உடலை மரக்காடு கவனித்துக்கொண்டது. இன்று மரக்காடு இல்லை. பாடத்திட்டத்திலே உடற்கல்வியும் நலக்கல்வியும் உண்டு. 2011 முதல் 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்னும் கொள்கையும் உண்டு. நான்காம் ஆண்டு முதல் 'செகாக்' என்னும் உடற்றகுதிச் சோதனையும் உண்டு. பலகை ஏறி இறங்கல், தரையூன்றி எழுதல், கால் நீட்டி முன் வளைதல் எல்லாம் அதில் அடக்கம். ஏட்டிலே குறையொன்றுமில்லை. குறை திடலிலே இருக்கிறது. அதைவிடப் பெரிய குறை நம் மூளையிலே இருக்கிறது.

என் கதையைச் சொல்லுகிறேன். தோட்டப் பள்ளி ஒன்றிலே நான் படித்த காலத்தில், விளையாட்டு விழா நெருங்கினால் ஆசிரியர் எங்களை ஒரு முறை ஓடவிடுவார். முந்தி வந்த நால்வரைப் பிரித்தெடுத்துக்கொள்வார். அன்றோடு எஞ்சிய இருபத்தைந்து பேருக்கும் அவ்வாண்டின் உடற்கல்வி முடிந்தது. நால்வரும் திடலிலே ஓடுவர். நாங்கள் மரத்தடியில் அமர்ந்து அவர்களுடைய சட்டைகளைக் காவல் காப்போம். என்னை ஆசிரியர் ஓடச் சொன்ன நாட்களும் உண்டு. வீட்டுப் பாடம் செய்யாத நாட்கள் அவை. 'திடலை ஐந்து முறை சுற்று' என்பது தண்டனை. ஆகவே ஓட்டம் என்றால் குற்றவாளிக்கு உரியது என்பதே ஆறாண்டுப் பள்ளி வாழ்க்கையில் நான் கற்ற உடற்கல்வி. நாற்பத்தோராம் வயதில், 'ஐயா, தினமும் அரை மணி வேகமாக நடவுங்கள்' என்று மருத்துவர் சொன்னபோது, எவ்வளவு வேகம், மூச்சு வாங்கினால் நிற்பதா தொடர்வதா, எந்தக் காலணி, எந்த நேரம் என்று ஒன்றும் அறியாமல் விழித்தேன். பெருக்கல் வாய்ப்பாடு இன்றும் தலைகீழாய் வருகிறது. என் நாடியை எண்ண எனக்குத் தெரியவில்லை.

இது என் ஒருவனுடைய கதையாயின் எழுதத் தகுந்ததன்று. இன்றும் நம்மிடையே நான்கு பிழைகள் வேரூன்றி நிற்கக் காண்கிறோம்.

முதலாவது, பதக்க மோகம். 1966-ஆம் ஆண்டில் இந்நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது ஆண்களில் மணி ஜெகதீசனும் பெண்களில் ராஜாமணியும் அதனைப் பெற்றனர். பாங்காக் ஆசிய விளையாட்டில் ஜெகதீசன் அவ்வாண்டில் மூன்று தங்கம் கொண்டுவந்தார். பின்னர் மருத்துவராயும் விளங்கினார். இப்பெயர்களைச் சொல்லி நெஞ்சு நிமிர்த்துவதில் தவறில்லை. ஆனால் ஒரு ஜெகதீசன் ஓடியதால் ஆயர் தாவாரில் ஒருவருக்கேனும் இரத்தத்திலே சர்க்கரை இறங்குமா? ஓடக்கூடியவனுக்கு ஆசிரியர் வேண்டியதில்லை. அவன் தானே ஓடுவான். ஓடத் தெரியாதவனுக்கும், பருத்தவனுக்கும், மூச்சிரைப்பவனுக்கும், கூச்சமுள்ளவளுக்கும்தான் உடற்கல்வி ஆசிரியர் வேண்டும். கணக்கு வராத பிள்ளையைக் கணக்கு வகுப்பிலே மரத்தடிக்கு அனுப்புவோமா?

இரண்டாவது, நேரக் களவு. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது உடற்கல்வி வேளை. ஆறாமாண்டுத் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. ஆயினும் களவு ஒழிந்தபாடில்லை. இதில் ஆசிரியரை மட்டும் குறை கூறுவது நேர்மையன்று. 'விளையாட்டிலே பொழுதைப் போக்குகிறார்கள்' என்று பள்ளி வாயிலில் வந்து முறையிடுபவர் நாமேயன்றோ?

மூன்றாவது, தண்டனை. தமிழ் சரியாக எழுதாத பிள்ளைக்குத் தண்டனையாகத் திருக்குறளை நூறு முறை எழுதச் சொன்னால் அவன் குறளை வெறுப்பான். அப்படியே தோப்புக்கரணமும் ஓட்டமும் தண்டனையாகும் இடத்தில் பிள்ளை தன் உடலையே வெறுக்கக் கற்கிறான்.

நான்காவதும் கொடியதும், பெண் பிள்ளைகளை நிறுத்திவிடுவது. பத்து வயது வரை துள்ளித் திரிந்த சிறுமி, பெரியவளானதும் திடலை விட்டு விலக்கப்படுகிறாள். 'வயசுப் பெண் குதிக்கலாமா?' என்கிறாள் பாட்டி. கேட்கிறேன், அதே பாட்டி அந்த வயதில் இரட்டை வாளி சுமந்து காட்டிலே ஏறி இறங்கவில்லையா? கூலிக்காகப் பெண் ஓடினால் மானம் போகாது, தன் உடல் நலத்துக்காக ஓடினால் போய்விடும் என்பது என்ன நியாயம்? நாளை பிள்ளை பெறப் போகிறவள் அவள். அடுப்படியை ஆளப் போகிறவளும், இன்றைய நம் வழக்கப்படி, அவளே. அவளை முடக்கினால் ஒரு குடும்பத்தையே முடக்கினோம்.

இனி, செய்ய வேண்டுவது யாது என்று பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த நெறிப்படி, ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர் சராசரி நாளொன்றுக்கு 60 நிமிடமும், பெரியவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடமும் உடலை நன்கு அசைக்க வேண்டும். வாரத்தில் ஓரிரு பாடவேளை பெறும் உடற்கல்வி இவ்வளவையும் தன்னுள்ளே நிறைவேற்றவியலாது என்பது வெளிப்படை. ஆகவே அப்பாடத்தின் வேலை, பிள்ளையை அந்த வேளையிலே வியர்க்க வைப்பதோடு முடியாது. வீட்டிலும், விடுமுறையிலும், நாற்பது வயதிலும், எழுபது வயதிலும் தானே செய்யத் தெரிந்தவனாக அவனை ஆக்குவதே அதன் வேலை. நீந்தக் கற்றவன் ஆற்றைக் காணும்போதெல்லாம் நீந்துவான். கரையில் நின்று பார்த்தவன் கடைசி வரை பார்த்துக்கொண்டேயிருப்பான். பின்லாந்து நாட்டார் 1980-ஆம் ஆண்டு முதல் சிறார் பலரைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்து, இளமையில் விடாமல் விளையாடியவர் பெரியவரான பின்னும் அசைவுள்ளவராய் இருக்கும் வாய்ப்பு மிகுதியென்று கண்டனர். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று நம் கிழவிகள் சொன்னதும் இதுவே.

என்ன கற்பிப்பது? முதலில் நாடி பார்க்கக் கற்பியுங்கள். மணிக்கட்டிலே இரு விரல் வைத்து, ஓடுமுன் எத்தனை துடிப்பு, ஓடியபின் எத்தனை, ஒரு நிமிடம் ஓய்ந்தபின் எத்தனை என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் ஏட்டிலே குறிக்கட்டும். அமெரிக்காவில் நேப்பர்வில் என்னும் ஊரார் 1990-களில் இவ்வழி சென்றனர். முந்தி வந்தவனுக்கு மதிப்பெண் என்பதை விட்டு, இதயத் துடிப்பைக் கருவியால் அளந்து, அவரவர் முயற்சிக்கு மதிப்பெண் இட்டனர். கடைசியாய் ஓடிவந்த பிள்ளையின் இதயம் முதலில் வந்தவனுடையதைவிடக் கடுமையாய் உழைத்திருக்கலாம் என்பதை அக்கருவி காட்டிற்று. நமக்குக் கருவி இல்லாவிட்டால் விரலும் சுவர்க் கடிகாரமும் போதும்.

அடுத்து, பேசிக்கொண்டு நடக்கும் வேகம் எது, பேச்சுத் தடைப்படும் வேகம் எது என்று பிரித்தறியக் கற்பியுங்கள். கயிறு தாண்டல், குந்தி எழுதல், சுமை தூக்கும் முறை ஆகியவற்றைக் கற்பியுங்கள். பதினோரு பேரும் பெருந்திடலும் வேண்டிய ஆட்டத்தை நாற்பது வயதில் ஆடுவார் சிலரே. இருவர் ஆடும் பூப்பந்து, தனியே சுழற்றும் சிலம்பம், ஒருவர் உதவியுமின்றிச் செய்யும் யோகாசனம் ஆகியவை வாழ்நாள் முழுதும் கூட வரும். 'செகாக்' சோதனையில் பிள்ளை பெற்ற புள்ளியைச் சென்ற முறை அதே பிள்ளை பெற்ற புள்ளியோடு மட்டும் ஒப்பிடுங்கள். எடையை வகுப்பறையில் உரக்கப் படிக்காதீர்கள். கேலி எந்தப் பிள்ளையையும் மெலிய வைத்ததில்லை. நலக்கல்வி வேளையிலே, ஒரு கோப்பைத் தேநீரில் எத்தனை கரண்டிச் சர்க்கரை என்று பிள்ளைகளே அளந்து பார்க்கட்டும். அந்தக் கரண்டி வீடு வந்து சேரும்.

இதற்குத் தடை சொல்வார் உளர். 'எங்கள் பள்ளி சிறியது. பிள்ளைகள் முப்பது பேர்தாம்' என்பர். சிறிய பள்ளியில் எந்தப் பிள்ளையும் ஆசிரியர் கண்ணுக்குத் தப்பாது. அது வரமேயன்றிக் குறையாகாது. 'வெயில் கொளுத்துகிறது' என்பர். காலை முதல் வேளையை உடற்கல்விக்கு விடுங்கள். 'பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை' என்பர். இத்தடையில் உண்மையுண்டு. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920-இல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கி, இதுவும் கற்றுத்தேற வேண்டிய ஒரு கலை என்று காட்டி நூறாண்டு கடந்துவிட்டது. அவ்வாறிருக்க, கால அட்டவணையில் இடம் காலியாயுள்ள எவர்க்கேனும் இப்பாடத்தைத் தள்ளிவிடுதல் தகாது. ஒவ்வொரு தமிழ்ப் பள்ளிக்கும் இப்பாடத்தில் தேர்ந்த ஆசிரியர் ஒருவர் வேண்டுமென்று பெற்றோர் சங்கம் எழுதிக் கேட்கட்டும். பரிசுக் கிண்ணங்களுக்கு இறைக்கும் பணத்தில் பாதியைக் கயிறுக்கும் பூப்பந்து மட்டைக்கும் கொடுக்கட்டும்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு சொல். மாலையிலே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளித் திடலை மும்முறை சுற்றி வாருங்கள். உங்கள் பள்ளி உங்களுக்குக் கற்றுக் கொடுக்காததை உங்கள் பிள்ளை கற்றுக் கொடுக்கட்டும். என் பேத்தி சென்ற மாதம் என் மணிக்கட்டிலே விரல் வைத்து எண்ணினாள். 'தாத்தா, தொண்ணூற்றாறு, கொஞ்சம் உட்காருங்கள், மறுபடி எண்ணுகிறேன்' என்றாள். அவளுக்கு அதைக் கற்பித்த ஆசிரியைக்கு என் வணக்கம். அத்தகைய ஆசிரியை ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கவேண்டுமென்று கேட்பதற்கே இவ்வளவும் எழுதினேன்.

நன்னீரின் பெயர் கொண்ட ஊரிலே பிறக்கும் பிள்ளைகள் இனிப்பு நீரால் மடியலாகாது. மரத்தடியில் சட்டை காக்கும் பிள்ளைகளை எழுப்பித் திடலுக்கு அழையுங்கள்.