ரெஸ்யூமை மாத்தினா மட்டும் போதுமா?

"ரெஸ்யூமை நல்லா மாத்தி எழுது, தானா கூப்பிடுவாங்க" என்று ஜூனியர் பசங்களுக்கு அட்வைஸ் அள்ளி வீசும் ஐடி அண்ணன்மாரே, ஒரு நிமிஷம். நீங்க உள்ளே போனது எப்படி? கூடப் படிச்சவன் ரெஃபர் பண்ணித்தானே?

ரெஸ்யூம் முக்கியம்தான், இல்லேங்கலை. அப்பா பேரு, "சவாலான பணி தேடுகிறேன்" டைப் அப்ஜெக்டிவ், கடைசியில "மேற்கண்ட யாவும் உண்மை"ங்கிற டிக்ளரேஷன், எல்லாத்தையும் தூக்கிட்டு, ப்ராஜெக்ட்ல தான் எழுதின மாட்யூல் எதுன்னு ரெண்டு வரி போட்டாலே பாதி தேறிடும். ஆனா அதை யாராவது திறந்து பார்க்கணுமே!

மார்க் கிரனோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர். தெரிஞ்சவங்க மூலமா வேலை பிடிச்சவங்களை விசாரிச்சு 1973-ல ஒரு கட்டுரை எழுதினார். அதுல சுமார் 17 சதவீதம் பேருக்குத்தான் தகவல் சொன்ன ஆள் அடிக்கடி பார்க்கிறவர். மத்தவங்களுக்கெல்லாம் எப்பவாவது பார்க்கிற பழக்கம்தான்.

வீட்டுல முதல் ஆளா பி.இ. முடிச்சிட்டு விருதுநகர் பக்கத்துக் கிராமத்துல உட்கார்ந்திருக்கிற பொண்ணுக்கு அந்த எட்டத்துப் பழக்கம் எங்கேர்ந்து வரும்? நாமளோ காலேஜ் செட்டையும் மச்சானையும் தாண்டி யாரையும் ரெஃபர் பண்றதில்லை. போனஸை மட்டும் கரெக்டா வாங்கிக்கிறோம். கேட்டா மெரிட்டாம்!

போலி எக்ஸ்பீரியன்ஸ் போட்டவனை அனுப்பி உங்க பேரைக் கெடுத்துக்கச் சொல்லலை. அரை மணி நேரம் போன்ல பேசி, கோடிங் தெரியுதான்னு பார்த்துட்டு அனுப்புங்கய்யா. மச்சானுக்கு அதுகூடப் பார்க்கலையே?