ஐ: இரண்டு ஒலியா, ஓர் ஒலியா?

'மை' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அகரத்தில் திறக்கும் வாய், இடையில் எங்கும் நிற்காமல், இகரத்தின் பக்கம் நகர்ந்து முடிகிறது. 'மௌனம்' என்பதன் முதல் எழுத்தில் அதே அகரம் உகரத்தை நோக்கிக் குவிகிறது. இப்படி ஓர் அசைக்குள்ளேயே வழுக்கிச் செல்லும் உயிரொலியை ஆங்கிலத்தில் 'டிஃப்தாங்' என்பார்கள். கிரேக்கத்தில் 'டி' என்றால் இரண்டு, 'ஃப்தாங்கோஸ்' என்றால் ஒலி. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது.

பெயர் பாதிதான் சரி. இரண்டு உயிர்கள் தனித்தனியே நின்றால் இரண்டு அசைகள் வரும். 'மை' ஓரசைதான். அதில் இருப்பது ஒரே ஒலியின் தொடக்கமும் முடிவும். தொல்காப்பியம் இந்த இரு பக்கத்தையும் பார்த்திருக்கிறது. ஐ, ஔ இரண்டையும் ஏழு நெடில்களில் சேர்க்கிறது. அதோடு, அகரமும் இகரமும் சேர்ந்தால் ஐ, அகரமும் உகரமும் சேர்ந்தால் ஔ என்றும் சொல்கிறது. அகரத்தின் பின் 'ய்' வந்தாலும் ஐ போல ஒலிக்கும் என்கிறது.

அப்படியானால் ஐ எதற்கு, 'அய்' போதாதா? பெரியார் 1935-இல் முன்வைத்த எழுத்துச் சீர்திருத்தத்தில் இதுவும் ஒன்று. எழுத்துகள் குறைந்தால் கற்பது எளிது என்ற வாதம் அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. 'ஐயா', 'அய்யா' இரண்டும் இன்று பழக்கத்தில் இருக்கின்றன.

ஆனால் வழுக்கும் ஒலி ஓரிடத்தில் நிற்பதில்லை. பழைய கிரேக்கத்தில் 'மேலும்' என்ற பொருளில் வரும் சொல் 'கை' என்று ஒலித்தது. இன்று அது 'கே'. எழுத்தில் மட்டும் பழைய இரண்டு உயிர்களும் அப்படியே நிற்கின்றன. இரண்டு எழுத்தைப் பார்த்து ஓர் ஒலியைச் சொல்ல அங்கே குழந்தைகள் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது.

தமிழிலும் அதே நகர்வு உண்டு. 'தலை' பேச்சில் 'தல' என்றோ 'தலெ' என்றோ ஆகிவிடுகிறது. சொல்லுக்குள் வரும் ஐ தன் இரண்டு மாத்திரையில் குறைந்து ஒலிப்பதை இலக்கணமே ஐகாரக்குறுக்கம் என்கிறது. 'தலய்' என்று எழுதினால் 'ய்' என்பதை அழுத்திச் சொல்லும்படி அந்த எழுத்து கேட்கும். 'தலை' அப்படிக் கேட்பதில்லை. அவரவர் ஊர் வழக்கில் படித்துக்கொள்ள இடம் விடுகிறது. ஐ நீடிக்க வேண்டும் என்பதற்கு இதுவே வலுவான காரணம்.

ஔ விஷயத்தில் ஒரு சிக்கல் உண்மை. அதன் பின்பாதி 'ள' போலவே இருப்பதால் பலர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்குத் தெரியும். அப்படித் தட்டிய ஔவையார் தேடலில் அகப்படாமல் போகலாம். இதற்குத் தீர்வு எழுத்தைக் கைவிடுவதல்ல, விசைப்பலகையில் சரியான விசையைத் தட்டுவது.