தாத்தா காருக்கு வந்த சோதனை!

ஜெயங்கொண்டம் போன்ற ஊர்களில் ஒரு காலத்தில் கல்யாணத்துக்கும் அம்பாசடர்; ஆஸ்பத்திரிக்கும் அம்பாசடர். 2014-ல் அதன் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் தாத்தா வாங்கிய காரைச் சில வீடுகளில் இன்றும் கண்போல் காத்து வருகிறார்கள்.

அந்தக் காருக்கு இப்போது ஒரு சோதனை. பெட்ரோலே அதற்கு எதிரியாகிவிட்டது!

எப்படி?

2025-ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு நூற்றுக்கு 20 பங்கை எட்டியது. எத்தனால் என்பது ஒருவகைச் சாராயம். கரும்பிலிருந்து எடுக்கிறார்கள், பெரம்பலூர்ப் பக்கம் விளையும் மக்காச்சோளத்திலிருந்தும் எடுக்கலாம். இதனால் அன்னியச் செலாவணி மிச்சம். விவசாயிக்கும் வருமானம்.

ஆனால் பழைய காரின் ரப்பர் குழாய் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. நாளடைவில் ஊறும், வெடிக்கும். பெட்ரோல் கசிந்தால் தீ ஆபத்து!

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். கார் மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால், டாங்கியின் அடியில் தண்ணீர் தங்கித் துருப்பிடிக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

என்ஜின் ஆறியபின், டாங்கி முதல் கார்புரேட்டர் வரை குழாயைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பு, வெடிப்பு, பெட்ரோல் வாடை இருந்தால் காரை எடுக்காதீர்கள். எத்தனாலைத் தாங்கும் குழாயை மெக்கானிக்கிடம் சொல்லி மாற்றுங்கள். வாரம் ஒருமுறையாவது காரை ஓட்டுங்கள். பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

20 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2025-ல் 10,000 ரூபாயாக உயர்ந்தது.

திட்டத்தால் நாட்டுக்கு லாபம். பழைய காரைக் காக்கும் செலவோ வீட்டுக்காரர் தலையில்! தாத்தாவின் கார் ஓடுமா, காயலான் கடைக்குப் போகுமா? பாதி விடை அந்த ரப்பர் குழாயில் இருக்கிறது.